கூண்டுக்கிளியின் பருவச் சினம்

தமிழ்ப் புலவர் கிள்ளையை மிகப் போற்றினர். குறிஞ்சிப் பாடல்களில் அது தினைக்கதிர் கவரும் கள்வன். பலபட்டடைச் சொக்கநாதப் பிள்ளையின் அழகர் கிள்ளைவிடு தூதிலோ காதலின் தூதுவன். அத் தூதுவன் தன்னை விடுத்தாளுடைய விரலைக் கடித்துக் குருதி வரச் செய்ததாக எந்நூலிலும் யாம் கண்டிலேம். கிளி வளர்ப்போர் நன்கறிந்த செய்தியோ அதுவே. ஆண்டின் பெரும்பகுதியும் தோளிலமர்ந்து கொஞ்சிய பறவை, சில வாரங்கள் கையை அணுகவொட்டாது சீறும். காகிதத்தைக் கிழித்துக் குவிக்கும். பீரோவின் அடியிலும் கூடையினுள்ளும் இருள் தேடிப் புகும். உண்ட இரையைக் கக்கிக் கண்ணாடியில் தோன்றும் தன் உருவத்துக்கு ஊட்ட முயலும். இதனைப் பித்தென்பாரும் உளர். உண்மையில் இஃது இனப்பெருக்கப் பருவத்தின் குணமாகும்.

ஈண்டு யாம் கூறுவது பச்சைக்கிளியைப் பற்றியன்று. நம் நாட்டுப் பச்சைக்கிளியைப் பிடித்தலும் விற்றலும் கூண்டிலடைத்தலும் 1972-ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றமாம். இக்காலத்து இல்லங்களில் பெரிதும் வளர்வன ஆஸ்திரேலிய இனங்களாகிய காக்கட்டீலும் பட்ஜெரிகருமே. பின்னதை நம்மவர் 'லவ் பேர்ட்ஸ்' என்று வழங்குவர். அப்பெயர்க்குரிய பறவையோ ஆப்பிரிக்க நாட்டது!

பறவைக்குப் பருவத்தை உணர்த்துவது யாது? பல இனங்களுக்கு ஒளியே முதன்மையானது. கனடா தேசத்து ஆல்பர்ட்டாப் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த வில்லியம் ரோவன் என்னும் அறிஞர், 1920-களில், ஜங்கோ என்னும் சிறு குருவிகளைப் பனிக்காலத்தில் கூண்டிலிட்டு, விளக்கொளியால் அவற்றின் பகலை நாடோறும் சிறிது சிறிதாக நீட்டினார். புறத்தே கடுங்குளிர் நிலவியபோதும், இளவேனிலில் வளர்வன போலவே அவற்றின் இனப்பெருக்க உறுப்புகள் வளர்ந்தன. ஒளி மூளையைத் தூண்டுகிறது. மூளையின் கீழுள்ள பிட்யூட்டரிச் சுரப்பி ஹார்மோன்களை இரத்தத்திற் கலக்கிறது. அவை விந்தகத்தையும் சூலகத்தையும் எழுப்புகின்றன. வறண்ட நிலத்துப் பறவைகளாகிய காக்கட்டீலுக்கும் பட்ஜெரிகருக்கும் மழையும், மழையின் பின் விளையும் புல்விதையும் பருவத்தை அறிவிக்கும். ஆதலின் ஊறவைத்த பயறும் மென்மையான இரையும் மிகுதியாய்க் கிடைப்பின், கூண்டிலுள்ள பறவை முட்டையிடும் காலம் வந்ததென்று கருதிவிடுகிறது.

ஒளியின் ஆற்றலை நம் நாட்டார்க்கு ரோவன் வந்து உரைக்க வேண்டுவதில்லை. முட்டைக்கோழிக்கு இயற்கை ஒளியோடு விளக்கொளியையும் கூட்டி நாளொன்றுக்கு 16 மணி நேரம் அளிக்கும் வழக்கத்தை நாமக்கல் பண்ணையார் எவரும் அறிவர். அவர் வேண்டிச் செய்வது இளம்பிள்ளையில் வேண்டாமலே நிகழ்கிறது. கஞ்சமலையின் அருகிலுள்ள அவ்வூர் சேலை நெசவாற் பெயர்பெற்றது. தறி ஓடும் வீட்டில் விளக்கு இரவு நெடுநேரம் எரியும். சேலத்துச் சீமையில் பகற்பொழுது கோடையிலும் 13 மணியை எட்டுவதில்லை. தறிவிளக்கோ அதனைப் பதினாறாக்கிவிடுகிறது.

அவ்வூரில் யாம் அறிந்த ஒரு வீட்டில், தறியின் அருகே தொங்கிய பெண் காக்கட்டீல் ஆண்துணை இன்றியே முட்டையிட்டு வந்தது. வீட்டார் அவற்றை அன்றன்றே எடுத்தெறிந்தனர். எடுக்க எடுக்க, இழந்ததை ஈடுசெய்ய அது மேலும் இட்டது. உடல் மெலிந்து, அணுகினாரையெல்லாம் கடித்தது. "தோப்பில் விட்டுவிடலாம் கண்ணு, அது பாட்டுக்குப் பிழைத்துக்கொள்ளும்" என்றார் அவ்வீட்டுப் பாட்டியார். அன்பினாற் கூறியதே, ஆயினும் கூண்டிற் பிறந்த பறவை இரைதேடவும் வல்லூற்றுக்கு ஒளியவும் கற்றதில்லை. நல்லவேளையாக முதலில் கால்நடை மருத்துவரை வினவினர்.

அவர் சொற்படி கூண்டு பின்னறைக்கு மாறிற்று. மாலை ஆறரை மணிக்குத் துணி போர்த்திப் பன்னிரண்டு மணி நேர இருள் தந்தனர். கண்ணாடியும், கூடு போன்ற பெட்டியும் அகற்றப்பட்டன. ஊறிய பயறு குறைந்தது. ஓட்டுக்கு வேண்டும் சுண்ணாம்புச் சத்திற்காகக் கணவாய் ஓடு வைக்கப்பட்டது. இட்ட முட்டைகளை அது தானே சலித்துக் கைவிடும்வரை, ஏறத்தாழ மூன்று வாரம், தொடவில்லை. பின்னர் அது முட்டையிடவில்லை, கடியும் தணிந்தது.

தடவுவதிலும் முறையுண்டு. தலையும் கழுத்தும் தடவலாம். முதுகையும் சிறகின் அடியையும் தடவின், துணை அழைப்பதாகப் பறவை கொள்ளும். கடிக்குமுன் அது எச்சரியாமலும் இராது: கொண்டை நிமிர்தல் அல்லது தட்டையாய்ப் படிதல், வாய் திறந்து சீறுதல் இவை கண்டவுடன் கையை மெல்ல விலக்குக. அதட்டலும் அடித்தலும் அச்சத்தையே வளர்க்கும். கிழித்தற்குப் பனையோலையும் கொத்துதற்குச் சோளக்கதிரும் தந்தால் அதன் வேகம் அவற்றிற் கழியும்.

இவற்றினும் அஞ்சத்தக்கது முட்டை உள்ளே தங்கிவிடுதல். பெண்பறவை இறகைச் சிலிர்த்துக் கூண்டின் தரையிற் குந்தி, முக்கி, மூச்சுக்கு மூச்சு வால் அசையக் கிடக்குமாயின், ஒருநாளும் தாழ்க்கலாகாது. வெதுவெதுப்பான இடத்தில் வைத்து, நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரிக்கேனும், அருகிலுள்ள கால்நடை மருத்துவரிடமேனும் உடனே கொண்டு செல்க. வயிற்றை அழுத்தி முட்டையை வெளிப்படுத்த முயலற்க. அது உள்ளே உடையின் பறவை பிழைத்தல் அரிது.