லக்கம்மா திருப்பி அனுப்பிய அரிசி!

ஓசூர் மலைமேல் மரகதாம்பிகையோடு அருள்பாலிக்கும் சந்திரசூடேஸ்வரர் சந்நிதியில் தமிழ், கன்னடம், தெலுங்கு என மூன்று மொழிகளிலும் வேண்டுதல்கள் கேட்கும். 1970-களில் சிப்காட் தொழிற்பேட்டை வந்தபின், ஷிப்ட் முடிந்து மலையேறும் குடும்பங்களும் சேர்ந்துகொண்டன. ‘ஷிப்டுக்கு ஷிப்ட் சமையல், டிபன் கட்டுவது... விளக்கேற்றிப் பத்து நிமிஷம் உட்கார முடியவில்லையே!’ என்பது இங்குள்ள பெண்மணிகள் பலருக்கும் உள்ள குறை.

இந்தக் குறைக்கு எல்லைக்கு அப்பால், கன்னட நாட்டில், 12-ஆம் நூற்றாண்டிலேயே பதில் இருக்கிறது. கல்யாண நகரில் பிஜ்ஜள மன்னரிடம் அமைச்சராக இருந்த பசவண்ணரைச் சுற்றி சிவனடியார்கள் திரண்டார்கள். படகோட்டியும் செருப்பு தைப்பவரும் அவர்களில் உண்டு. உழைப்பை அவர்கள் ‘காயகம்’ என்றார்கள். நேர்மையாகச் செய்தால் அந்த உழைப்பே கயிலாயம்! கிடைத்ததை அடியாரோடு பகிர்ந்து உண்பது ‘தாசோகம்’.

அவர்களில் ஒரு தம்பதி, ஆய்தக்கி மாரய்யாவும் லக்கம்மாவும். ‘அக்கி’ என்றால் கன்னடத்தில் அரிசி. பசவண்ணரின் முற்றத்தில் சிந்திக் கிடக்கும் அரிசியைப் பொறுக்கி வருவதே மாரய்யாவின் காயகம். அதைச் சமைத்து, அடியாருக்குப் படைத்துவிட்டு இருவரும் உண்பார்கள்.

ஒருநாள் அடியார் சபையில் தத்துவம் பேசியபடியே மாரய்யா தன்னை மறந்துவிட்டார். லக்கம்மா சும்மா இருக்கவில்லை. காயகம் நின்றுபோனதை நினைவூட்டி, சிவ விசாரத்தின் நடுவிலிருந்தே கணவரை எழுப்பி அனுப்பினாள். பதறி ஓடிய மாரய்யா, அன்றைக்கு வழக்கத்தைவிட அதிகமாக அரிசி கொண்டுவந்தார். நாமாக இருந்தால் சத்தமில்லாமல் டப்பாவில் கொட்டி மூடியிருப்போம்! லக்கம்மாவோ, நமக்கு எதற்கு இந்த ஆசை என்று கேட்டு, மிகுதியை எடுத்த இடத்திலேயே போட்டுவிட்டு வரச் சொன்னாள். அவள் பாடிய வசனங்கள் இன்றும் கன்னடத்தில் கிடைக்கின்றன.

போ என்று வேலைக்கு அனுப்பியவளும் அவள்தான், போதும் என்று நிறுத்தியவளும் அவள்தான். பிள்ளைகளின் ஃபீஸ், வீட்டு லோன் என்று ஓவர்டைம் பார்க்க வேண்டிய காலம் இது. அதைக் குறை சொல்வதற்கில்லை. ஆனால் கணவர் உடம்பைக் கரைத்துக்கொண்டு மூன்றாவது ஞாயிறும் டியூட்டிக்குக் கிளம்பினால், இந்த மாதத்துக்கு இது போதும் என்று சொல்லும் உரிமை இல்லத்தரசிக்கு உண்டு.

அதற்காகப் பூஜையே வேண்டாம் என்பதல்ல. அந்த அடியார்கள் லிங்க பூஜையை விட்டதில்லை. நம் காஞ்சிபுரத்துத் திருக்குறிப்புத் தொண்டரோ அடியாரின் கந்தையைத் துவைத்தே சிவபதம் அடைந்தவர். மழையால் துணி உலராமல் போக, சொன்ன வாக்குத் தவறியதே என்று கல்லில் தலையை மோதப் போனவரை ஈசனின் கரம் அல்லவா தடுத்தது! டிபன் கட்டும் நேரத்தில் வாயில் பஞ்சாட்சரம் இருந்தால், பூஜைக்கு நேரமில்லை என்று கண் கலங்க வேண்டியதே இல்லை.

ஆயுத பூஜையன்று ஆலைகளில் இயந்திரங்களுக்கு மாலை சாற்றுவார்கள். வீட்டில் நீங்கள் அரிவாள்மனை, கிரைண்டர், மிக்ஸிக்கும் சந்தனம், குங்குமம் இடுங்கள். சர்க்கரைப் பொங்கலும் சுண்டலும் நிவேதனம் செய்து, வீட்டு வேலைக்கு உதவ வரும் பெண்ணை உட்கார வைத்து முதலில் பரிமாறுங்கள். பிறகு நீங்கள் சாப்பிடலாம்.