வீடற்ற இளைஞரும் ஆவணப்படமும்

அமெரிக்க ஐக்கிய நாட்டின் மேற்குக் கரையிலுள்ள சியாட்டில் நகரம், 1980-களின் தொடக்கத்தில், மக்கள் வாழ்வதற்கு மிகவும் உகந்த நகரங்களுள் ஒன்றெனப் பெயர் பெற்றிருந்தது. அப்பெயரே மேரி எல்லன் மார்க் என்னும் புகைப்படக் கலைஞரையும், செரில் மக்கால் என்னும் எழுத்தாளரையும் 1983-இல் அங்கு ஈர்த்தது. இத்துணை நல்ல நகரத்திலும் தெருவே வீடாக வாழும் சிறார் உளராயின், ஏனைய நகரங்களின் நிலை யாதாயிருத்தல் வேண்டும் என்பது அவர்தம் எண்ணம். அவ்வாண்டு 'லைஃப்' இதழில் அவர்கள் வெளியிட்ட கட்டுரையே 'ஸ்ட்ரீட்வைஸ்' என்னும் ஆவணப்படத்திற்கு வித்தாயிற்று. மார்க் அம்மையாரின் கணவர் மார்ட்டின் பெல் அதனை இயக்கினார். 1984-இல் முடிவுற்ற அப்படம் மறு ஆண்டில் அகாடமி விருதுக்குரிய ஆவணப்படங்களுள் ஒன்றாகப் பரிந்துரைக்கப்பட்டது.

வீடற்ற இளைஞர் என்போர் யாவர்? வீட்டை விட்டு ஓடிப்போனவர் என்று விடையிறுப்போரே பலர். அமெரிக்க அரசினர் 1974-இல் இயற்றிய சட்டமும் முதலில் 'ஓடிப்போன இளைஞர்' என்னும் பெயரையே தாங்கி நின்றது. 'வீடற்ற' என்னும் சொல் பின்னரே அதனுடன் சேர்ந்தது. ஓடிப்போனான் என்ற மாத்திரத்தில் குற்றம் சிறுவன் தலையில் விழுந்துவிடுகின்றது. அடித்துத் துரத்தப்பட்டவனும், பெற்றோர் சிறைப்பட்டமையால் தனித்தவனும், அரசினர் காப்பில் வளர்ந்து அகவை நிரம்பியதும் வெளியேற்றப்பட்டவளும் அச்சொல்லுக்குள் மறைந்துபோகின்றனர். ஆவணப்படம் முதற்கண் செய்யவல்ல நன்மை இப்பிழையான சொல்லை நம் வாயினின்றும் நீக்குவதேயாம்.

'ஸ்ட்ரீட்வைஸ்' இதனை எங்ஙனம் செய்கின்றது? அப்படத்தில் விளக்கவுரை கூறும் குரல் இல்லை, புள்ளிவிவரம் இல்லை, அறிஞர் எவரும் தோன்றிக் கருத்துரைப்பதும் இல்லை. சிறாரே பேசுகின்றனர். ராட் என்னும் பட்டப்பெயருடைய சிறுவன் பாழடைந்த ஓட்டலொன்றில் உறைகின்றான். தொலைபேசி வாயிலாகப் பீட்சா ஒன்று செய்து வைக்கும்படி கடைக்குச் சொல்லுவான். வாங்க எவரும் வாராமையால் கடைக்காரர் அதனைக் குப்பைத் தொட்டியில் எறிவர். அவன் அதனை எடுத்து உண்பான். இதனை அவன் ஒரு தொழில் நுட்பம் போலப் பெருமிதத்துடன் விளக்கும்போது நமக்குச் சிரிப்பு வருகின்றது. சிரித்த பின்னர் நாணமும் வருகின்றது. இரக்கத்தை நம்மிடம் அவன் கேட்கவேயில்லை. ஆதலின் அவனை இரவலனென ஒதுக்கிவிட நமக்கு வழியில்லாமற் போகின்றது.

மற்றொரு சிறுவன் சிறையிலுள்ள தன் தந்தையைக் காணச் செல்லுகின்றான். தான் விடுதலை பெற்றபின் இருவரும் சேர்ந்து கடை வைத்து வாழலாமென்று தந்தை கூறுகின்றார். அச்சிறுவன் பதினேழு வயது நிரம்பாமுன், இளங்குற்றவாளிகளை அடைத்து வைக்கும் இடத்தில் தன் உயிரைத் தானே மாய்த்துக்கொண்டான். ஈமச்சடங்கிற்குத் தந்தை காவலுடன் கொண்டுவரப்படுகின்றார். படம் அங்கும் ஒன்றும் சொல்லாது பார்த்துக்கொண்டே நிற்கின்றது.

துன்புறுவோரையே பேசவிடும் இம்முறை புதியதன்று. 1935-இல் இங்கிலாந்தில் ஆர்தர் எல்டன், எட்கர் ஆன்ஸ்டி என்னும் இருவர் எடுத்த 'ஹவுசிங் பிராப்ளம்ஸ்' என்ற குறும்படத்தில், இலண்டன் மாநகரின் ஸ்டெப்னிச் சேரி மக்கள் எலிகளையும் பூச்சிகளையும் பற்றித் தம் வாயாலேயே முறையிட்டனர். அப்படத்திற்குப் பொருளுதவி செய்தவர் எரிவாயு வணிகர் சங்கத்தார்! புதிய வீடுகள் எழுந்தால் அவர்கட்கும் ஆதாயம் உண்டன்றோ? எனவே எந்த ஆவணப்படத்தைக் காணினும் அதற்குப் பணம் தந்தவர் யார் என்று வினவுவது மாணவர்க்கு நல்ல பழக்கமாகும். அதனால் அப்படத்தின் மெய்ம்மை குறைந்துவிட்டது என்பது என் கருத்தன்று. எலிகள் மெய்யாகவே இருந்தன.

இனி, 'ஸ்ட்ரீட்வைஸ்' படத்தால் விளையக்கூடிய பிழையொன்றும் உண்டு. வீடற்ற இளைஞர் தெரு மூலையிலேயே நிற்பர், கண்டவுடன் அறிந்துகொள்ளலாம் என்று அது நம்மை எண்ணச் செய்யக்கூடும். 2014-இல் ஆன் டி மேர், கர்ஸ்டன் கெல்லி என்னும் இரு பெண்மணிகள் சிகாகோ நகரத்தில் எடுத்த 'தி ஹோம்ஸ்ட்ரெட்ச்' என்னும் படம் இதனைத் திருத்துகின்றது. அதில் வரும் மூவருள் ஒருவன் பள்ளி மாணவன், நாடகத்தில் நடிக்கின்றான், வகுப்பில் நம் பக்கத்தில் அமர்ந்திருந்தாலும் அவனுக்கு வீடில்லையென நாம் அறியோம். ஆசிரியை ஒருவர் தம் இல்லத்திலேயே அவனுக்கு இடமளிக்கின்றார். நண்பர் வீட்டில் இரண்டு இரவு, உறவினர் வீட்டில் மூன்று இரவு எனக் கழிப்பவரை எண்ணிக் கணக்கெடுப்பது எளிதன்று. அந்நாட்டுச் சட்டம் இத்தகைய மாணவர்க்கு, குடியிருப்புச் சான்று இல்லையெனினும் பள்ளியிற் சேரும் உரிமையை அளித்துள்ளது. அவர்க்குத் துணை நிற்க ஒவ்வொரு பள்ளி வட்டாரத்திலும் ஓர் அலுவலர் இருத்தல் வேண்டுமென்றும் விதித்துள்ளது. ஆயினும் தன் நிலையை வெளியிட நாணும் மாணவனுக்கு அவ்வலுவலரால் யாது பயன்? இங்கேதான் படம் வேண்டப்படுகின்றது. தன்னைப் போன்ற ஒருவன் திரையில் தலை நிமிர்ந்து பேசக் கண்டபின் அவனுக்கும் வாய் திறக்கத் துணிவு பிறக்கலாம்.

ஆதலின் இத்தகைய படங்களைக் காட்டுவோர், காட்சி முடிந்ததும் விளக்கேற்றிக் கூட்டத்தைக் கலைத்துவிடலாகாது. அவ்வூர் விடுதிக் காப்பாளரையும், பள்ளி ஆசிரியரையும், முன்னர் வீடின்றி வாழ்ந்து மீண்ட ஒருவர் இசைந்தால் அவரையும் அவையில் அமர்த்துதல் வேண்டும். எத்தனை படுக்கைகள் உள, எத்துணைப் பேர் திருப்பி அனுப்பப்படுகின்றனர், எந்த விதி அதற்குத் தடையாயுள்ளது என்று ஊரார் அவ்விடத்திலேயே கேட்டறிதல் வேண்டும். கண்ணீர் வீடு சேருமுன் உலர்ந்துவிடும்.

படமெடுப்போர்க்கும் ஒரு கடன் உண்டு. 'ஸ்ட்ரீட்வைஸ்' படத்தில் டைனி என்று அழைக்கப்படும் பதினான்கு வயதுச் சிறுமியை அதனைக் கண்டோர் மறத்தல் அரிது. மார்க், பெல் இருவரும் அவளைத் தம்முடன் நியூயார்க் நகரத்திற்கு அழைத்துச் செல்ல விரும்பினர். பள்ளிக்குச் செல்லுதல் வேண்டுமென்பதே அவர்கள் கூறிய நிபந்தனை. அவள் மறுத்துவிட்டாள். அவளைக் காப்பாற்றத் தவறினர் என்று அவர்களைக் குறை கூறுவாரும் இருக்கலாம். மறுக்கும் உரிமையும் அவளுக்கு உண்டென நான் எண்ணுகின்றேன். எனினும் அவர்கள் அவளைக் கைவிடவில்லை. முப்பது ஆண்டுகளுக்கு மேல் மீண்டும் மீண்டும் சென்று கண்டு, அவள் வாழ்க்கையைப் படம் பிடித்து வந்தனர். மார்க் அம்மையார் 2015-இல் காலமானார். டைனியின் வாழ்க்கையைக் கூறும் பெல்லின் மற்றொரு படம் 2016-இல் வெளிவந்தது. அதில் அவள் நாற்பது வயதைக் கடந்தவள். பத்துப் பிள்ளைகளின் தாய். மார்க் அம்மையாரின் அருகில் அமர்ந்து தன் இளமைப் படங்களைப் பார்த்துக்கொண்டிருக்கின்றாள்.