நெல்லையில் ராத்திரி காரை எங்கே நிறுத்துவது? முதல் கார் வாங்கியவர்களுக்கு முழுமையான வழிகாட்டி

திருநெல்வேலி டவுன், ஜங்ஷன், பாளையங்கோட்டை எங்கே பார்த்தாலும் பழைய தெருக்கள் கார் வருவதற்கு முன்பே கட்டி முடிந்தவை. வளவு வீட்டுக்குள் சைக்கிளைத் தூக்கி வைத்துவிடலாம், காரை என்ன செய்வது? கடன் போட்டு வண்டி எடுப்பவர்கள் மாதத் தவணைக்குக் கணக்குப் போட்டுவிடுகிறார்கள். ராத்திரி எங்கே நிறுத்துவது என்ற யோசனை வண்டி வாசலுக்கு வந்த பிறகுதான் வருகிறது. வந்தாலும் திருடனை நினைத்துத்தான் பயப்படுகிறார்கள். இந்த ஊரில் முதலில் பயப்பட வேண்டியது தண்ணீருக்கு.

2023 டிசம்பர் 17 இரவு என் கார் வண்ணார்பேட்டையில் நின்றது. தாமிரபரணி ஆற்றுக்கும் நமக்கும் இடையில் தெருக்கள் இருக்கின்றனவே என்ற தைரியம். மறுநாள் காலையில் ஸ்டீயரிங் மட்டத்துக்குத் தண்ணீர் நின்றது. வடிந்த பிறகு கதவைத் திறந்தேன். கதவுப் பையில் கிடந்த டோல் ரசீதுகளின் மேல் ஒரு விரற்கடை கனத்துக்கு வண்டல் படிந்து, நாற்றங்கால் சேறு மாதிரி வழவழவென்று இருந்தது. அந்த வாடை கடைசி வரை போகவில்லை.

முதல் படி: தண்ணீர் வரும் வழியைப் பாருங்கள்

பாபநாசம், மணிமுத்தாறு அணைகளின் நீர்மட்டத்தைப் பேப்பரில் பார்த்துவிட்டு நிம்மதியாகத் தூங்குகிறவர்கள் உண்டு. அது போதாது. கடனாநதியும் பச்சையாறும் நகரத்துக்கு மேற்கிலேயே தாமிரபரணியில் சேர்ந்துவிடுகின்றன, அந்தத் தண்ணீரும் இங்கேதான் வரும். 2023இல் அணைகளில் திறந்த தண்ணீர், காட்டாற்றுத் தண்ணீர், சமவெளியில் கொட்டிய மழை எல்லாம் ஒரே நேரத்தில் வந்தன. அந்த மழையில் காயல்பட்டினத்தில் மட்டும் 24 மணி நேரத்தில் 95 சென்டிமீட்டர் பெய்தது.

ஆற்றங்கரையை ஒட்டிய கொக்கிரகுளம், மீனாட்சிபுரம், கைலாசபுரம், சிந்துபூந்துறை, வண்ணார்பேட்டையின் தாழ்ந்த தெருக்கள் எல்லோருக்கும் தெரிந்தவை. பலர் மறந்துவிடுவது கால்வாய்களை. சுத்தமல்லி அணைக்கட்டிலிருந்து வரும் நெல்லைக் கால்வாய் டவுன் பக்கமும், பாளையங்கால்வாய் மேலப்பாளையம், பாளை பக்கமும் ஊருக்குள்ளேயே ஓடுகின்றன. வழியில் குளங்களை நிரப்பிக்கொண்டே போகிற கால்வாய்கள் இவை. குளம் நிறைந்து மறுகால் பாயும் பாதையில் இன்று வீடுகள் இருக்கின்றன. ஆற்றைக் கண்ணால் பார்க்க முடியாத தெருவிலும் தண்ணீர் ஏறுவதற்கு இதுதான் காரணம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் வண்டியை விட்டுவிட்டு நடந்து பாருங்கள். சுவரில் சுண்ணாம்பு எந்த உயரத்துக்கு வெளுத்திருக்கிறது? பழைய வீடுகளுக்கு எத்தனை படி வைத்திருக்கிறார்கள்? எல்லா வீட்டுக்கும் நாலு படி இருந்தால், அங்கே முன்னோர் தண்ணீரைப் பார்த்திருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளலாம். டீக்கடையில் வயதானவர் இருந்தால், "அண்ணாச்சி, தொண்ணூத்திரண்டு வெள்ளத்துல இங்க எதுவரைக்கும் தண்ணி வந்துச்சு?" என்று கேளுங்கள். 1992 நவம்பர் வெள்ளத்தைக் கண்டவர்கள் கையைத் தூக்கி உயரமே காட்டுவார்கள்.

பிறகு இரண்டு இடங்களை முடிவு செய்யுங்கள். ஒன்று தினசரி இடம். இன்னொன்று மழை இடம், ஐப்பசி தொடங்கி மார்கழி வரைக்கும். பாளையில் ஹைகிரவுண்டு என்று பெயரிலேயே மேட்டைச் சொல்லும் பகுதி இருக்கிறது. அந்தப் பக்கம் சொந்தமோ சிநேகிதமோ இருந்தால் வெயில் காலத்திலேயே பேசி வைத்துவிடுங்கள்.

இரண்டாம் படி: தெருவிடம் அனுமதி கேளுங்கள்

யார் வீட்டுச் சுவரோரம் நிறுத்துகிறீர்களோ அவரிடம் ஒரு வார்த்தை சொல்லுங்கள். அவர் ஜன்னல் உங்களுக்குக் கேமராவை விடப் பெரிய காவல். சொல்லாமல் நிறுத்தினால் அதே மனிதர் போலீசுக்குப் போன் செய்வார், அதிலும் நியாயம் இருக்கிறது. பொது இடத்தில் பிறருக்கு ஆபத்தோ இடைஞ்சலோ ஏற்படும்படி வண்டியை விட்டுச் செல்லக் கூடாது என்கிறது 1988ஆம் வருடத்து மோட்டார் வாகனச் சட்டத்தின் 122ஆம் பிரிவு. ஆம்புலன்சும் தீயணைப்பு வண்டியும் நுழைய வழி இருக்கிறதா என்று நிறுத்திய பின் ஒரு முறை திரும்பிப் பாருங்கள்.

திருவிழா நாட்களையும் குறித்து வையுங்கள். ஆனித் தேரோட்டத்தின்போது நெல்லையப்பர் கோயில் ரத வீதிகளில் வண்டி நிற்கவே கூடாது. பாளை தசராவில் சப்பரங்கள் ராத்திரியில் வீதி வரும்.

தென்னை மரத்தடி வேண்டாம். ஒரு நெற்று விழுந்தால் போதும்.

மூன்றாம் படி: பூட்டும் முன்

இருக்கையில் எதுவும் இருக்கக் கூடாது. காலிப் பை என்று உங்களுக்குத் தெரியும், கண்ணாடியை உடைப்பவனுக்குத் தெரியாது. ஆர்.சி.யின் அசலும் மாற்றுச் சாவியும் வீட்டில் இருக்கட்டும். பக்கக் கண்ணாடிகளை மடக்கி, ஜன்னல் கண்ணாடிகளை முழுதும் ஏற்றி, பூட்டிய பிறகு கைப்பிடியை இழுத்துப் பாருங்கள். தெருவிளக்கு எரியும் இடமாக இருந்தால் நல்லது.

நான்காம் படி: எலியும் பூனையும்

வயலை ஒட்டிய புதிய நகர்களில் கார், பிசானப் பருவ நெல் அறுவடை முடிந்ததும் எலிகள் வீட்டுப் பக்கம் திரும்பும். இன்ஜின் சூடு அவற்றுக்குப் பிடிக்கும், ஒயரைக் கடித்துவிடும். குப்பைத் தொட்டியின் பக்கத்தில் நிறுத்தாதீர்கள். வண்டிக்குள் முறுக்கு, கடலைத் துணுக்கு கிடக்க விடாதீர்கள். மழைக்கு ஒதுங்கிப் பூனைக்குட்டிகளும் உள்ளே ஏறிப் படுத்திருக்கும். காலையில் பானெட்டை இரண்டு தட்டுத் தட்டி, கொஞ்சம் பொறுத்துச் சாவியைப் போடுங்கள்.

ஐந்தாம் படி: வெள்ள எச்சரிக்கை வந்தால்

பொழுது இருக்கும்போதே மழை இடத்துக்குப் போய்விடுங்கள். ராத்திரி பத்து மணிக்கு யோசிக்கத் தொடங்கினால் தாமதம். தண்ணீர் ஏறிய பிறகு வண்டியைக் காப்பாற்றத் தெருவில் இறங்காதீர்கள். வண்டி போனால் போகட்டும். மாவட்ட அவசர உதவிக்கு 1077.

தண்ணீர் புகுந்த வண்டியை ஸ்டார்ட் செய்யவே கூடாது. வடிந்த அன்று என் கை தானாகச் சாவிக்குப் போனது. ஒர்க்‌ஷாப்காரர் தூரத்திலிருந்தே, "அண்ணாச்சி, சாவியத் தொடாதிய!" என்று கத்தினார். சிலிண்டருக்குள் போன தண்ணீரை பிஸ்டனால் அமுக்க முடியாது. ஒரு திருப்பில் கனெக்டிங் ராடு வளைந்துவிடும். அப்படி வரும் இன்ஜின் சேதத்துக்கு, தனியாக இன்ஜின் பாதுகாப்பு எடுத்திருந்தாலொழிய, இன்சூரன்ஸ் கம்பெனிகள் பெரும்பாலும் பணம் தருவதில்லை. பேட்டரியின் மைனஸ் முனையைக் கழற்றச் சொல்லுங்கள். சுவரிலும் வண்டியிலும் தண்ணீர்க் கோடு தெரியும்படி போட்டோ எடுங்கள். வண்டியைக் கழுவிவிடாமல் அப்படியே கட்டி இழுத்துப் போகட்டும்.

ஆறாம் படி: பாலிசியை இன்றைக்கே எடுத்துப் படியுங்கள்

சட்டப்படி கட்டாயமான மூன்றாம் நபர் இன்சூரன்ஸில் உங்கள் வண்டியின் வெள்ளச் சேதமும் வராது, திருட்டும் வராது. சொந்த சேதத்துக்கான பகுதியும் சேர்ந்திருக்க வேண்டும். வண்டி திருடு போனால் முதலில் 112, பிறகு காவல் நிலையத்தில் எஃப்.ஐ.ஆர்., அன்றைக்கே இன்சூரன்ஸ் கம்பெனிக்கும் தகவல். இரண்டு சாவிகளையும் கேட்பார்கள். மாற்றுச் சாவியை வீட்டில் எந்த இழுப்பறையில் வைத்தோம் என்று இப்போதே பார்த்துவிடுங்கள்.