மண்டபத்தில் ஒலிபெருக்கி உறுமினால்

பேச்சாளரை அழைத்து, மேடை அமைத்து, நாற்காலிகளை அடுக்கி, பிரியாணிக்கும் சொல்லியாகிவிட்டது. மைக்கைத் திறந்தவுடன் "உம்ம்" என்றொரு உறுமல் மண்டபமெங்கும் பரவுகிறது. பேச்சாளர் குரலைத் தாழ்த்தும் இடங்களிலெல்லாம் அது மேலெழுந்து நிற்கிறது. பின் வரிசை முதியவர்களும், தடுப்புக்கு அப்பால் அமர்ந்து ஸ்பீக்கர் ஒன்றையே நம்பியிருக்கும் பெண்மக்களும் பாதிச் சொற்களை இழந்துவிடுகிறார்கள். "ஏதோ கரண்டுக் கோளாறு" என்று சொல்லிச் சத்தத்தைக் கூட்டுவதே நம்மவர் வழக்கம். கூட்டினால் உறுமலும் உடன் கூடுமேயன்றிக் குறையாது.

இக்கோளாறு எங்கே நுழைகிறது என்பதைச் சங்கத் தொண்டர்களாகிய நாமே கண்டுகொள்ளலாம். முதலில் காதைத் தீட்டிக்கொள்ளல் வேண்டும். சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் நமக்கு வரும் மின்சாரம் 230 வோல்ட். நொடிக்கு 50 சுற்று அலைவது. அந்த 50, அல்லது அதன் இரட்டிப்பாகிய 100 அதிர்வுதான் கனத்த உறுமலாகக் கேட்பது. அதே அலையின் உயர் மடங்குகள் பல சேர்ந்து வந்தால் வண்டு குடைவதுபோல் "கிர்ர்" என்ற ரீங்காரமாகிவிடும். உறுமலுக்கும் ரீங்காரத்திற்கும் பிறப்பிடம் பெரும்பாலும் வேறு வேறு. ஆகவே எது கேட்கிறது என்று முதலில் சொல்லிப் பழகுக.

அடுத்து, ஒலி செல்லும் பாதையை நினைவில் நிறுத்துவோம். மைக்கிலிருந்து மிக்ஸர், மிக்ஸரிலிருந்து ஆம்ப்ளிபையர், அங்கிருந்து ஸ்பீக்கர். தேடுவதோ கடைசியிலிருந்து முதலுக்கு. ஆம்ப்ளிபையரை அணைத்து, அதனுள் வரும் கேபிளைக் கழற்றிவிட்டு, மீண்டும் போடுக. ஒன்றும் இணைக்காதபோதும் உறுமினால் குற்றம் ஆம்ப்ளிபையருடையது. பழைய கருவியாயின், அதனுள் மின்சாரத்தைச் சமன்செய்யும் கெபாசிட்டர்கள் காய்ந்து போயிருக்கலாம். பழுது பார்ப்பவரிடம் கொடுப்பதே வழி. (திறந்து கிடக்கும் உள்வாயில் தானே சத்தத்தைப் பிடிப்பதும் உண்டு. முனைகளை ஒன்றோடொன்று இணைத்த வெற்றுப் பிளக் ஒன்றைச் செருகிப் பார்ப்பது உத்தமம்.) ஆம்ப்ளிபையர் மௌனமாயிருந்தால் மிக்ஸரின் கேபிளை மாட்டி, மிக்ஸரின் தலைமைக் குமிழை முற்றும் இறக்கி வைத்துக் கேளுங்கள். அப்போதும் உறுமல் வந்தால் அது அவ்விரண்டிற்கும் இடையில் பிறக்கிறது. வராவிட்டால் தலைமைக் குமிழை ஏற்றி, பிறகு ஒவ்வொரு மைக்கின் குமிழாகத் திறந்து வருக. எந்தக் குமிழில் சத்தம் எழுகிறதோ அந்தக் கேபிளை மாற்றிப் பாருங்கள். கேபிளின் பின்னல் கவசம் முனையில் அறுந்து கிடப்பது மிகச் சாதாரணம். மைக் தரும் மின்னழுத்தம் ஒரு வோல்ட்டின் ஆயிரத்தில் ஓரிரு பங்கே. அதை ஆயிரம் மடங்கு பெருக்கும் கருவி, கவசமில்லாத வழியே புகுந்ததையும் ஆயிரம் மடங்கு பெருக்கத்தானே செய்யும்!

மிக்ஸருக்கும் ஆம்ப்ளிபையருக்கும் இடையே பிறக்கும் உறுமலே மண்டபங்களில் அதிகம். மிக்ஸர் மண்டபத்தின் பின்புறச் சுவர்ப் பிளக்கில் இருக்கும்; ஆம்ப்ளிபையரோ மேடையோரப் பிளக்கில். இரண்டின் எர்த் கம்பிகளும் வெவ்வேறு வழியாகச் சுற்றி ஒரே மின்பலகைக்குப் போய்ச் சேர்கின்றன. இங்கே ஒலிக் கேபிளின் கவசமும் இரண்டு கருவிகளையும் இணைக்கிறது. ஆக ஒரு பெரிய வளையம் அமைந்துவிட்டது. இரு எர்த்துகளுக்கும் இடையே சிறு மின்னழுத்த வேறுபாடு இருந்தாலும் அந்த வளையத்தில் மின்சாரம் ஓடும். சாதாரண இரு முனைக் கேபிளில் கவசமே ஒலியின் திரும்பு வழியாகவும் இருப்பதால், அந்த ஓட்டம் ஒலியோடு கலந்துவிடுகிறது.

இவ்விடத்தில் ஒரு பழைய கதையைச் சொல்லாமல் மேற்செல்ல மனம் வரவில்லை. சில ஆண்டுகளுக்கு முன் நம் மண்டபத்தில் இதே உறுமல். சுறுசுறுப்பான இளைஞர் ஒருவர் ஆம்ப்ளிபையரின் பிளக்கைத் திருப்புளியால் திறந்து, பச்சை மஞ்சள் கம்பியைக் கழற்றிவிட்டு, "காக்கா, சத்தம் நின்றுபோச்சு!" என்றார். உண்மையிலேயே நின்றுபோயிற்று. நாங்களும் அவர் முதுகைத் தட்டிக் கொடுத்தோம். நமது மூன்று முனைப் பிளக்கில் நடுவிலுள்ள நீண்ட முனைதான் சுவர்ப் பிளக்கின் மூடியைத் திறப்பது. ஆதலால் முனையை விட்டுவிட்டு உள்ளே கம்பியை மட்டும் எடுத்துவிட்டார். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு எதுவும் தெரியாது. சில மாதங்கள் கழித்து, கேபிள்களை அவிழ்த்துக்கொண்டிருந்த ஒரு பெரியவர் ஆம்ப்ளிபையரின் இரும்புப் பெட்டியைத் தொட்டுச் சுரீரென்று கையை உதறினார். அவர் காலில் ரப்பர் செருப்பு இருந்தது. அவ்வளவுதான் எங்களுக்கும் ஆபத்துக்கும் இடையே இருந்த தூரம்.

நடந்தது இதுதான். எர்த் கம்பி இருந்தால், உள்ளே மின்கம்பி பெட்டியைத் தொட்டவுடன் மின்சாரம் எர்த் வழியே பாய்ந்து பியூஸ் போய்விடும். அது இல்லாதபோது அந்த மின்சாரத்திற்கு ஒலிக் கேபிளின் மெல்லிய கவசம் ஒன்றே வழி. அந்தக் கேபிளையும் கழற்றிவிட்டால் பெட்டி முழுவதும் 230 வோல்ட்டில் நிற்கும், தொடுகிறவரே வழியாவார். எனவே பாதுகாப்பு எர்த்தை எக்காரணத்தாலும் கழற்றக்கூடாது. பிளக்கைத் திறந்து பார்த்து, கழற்றப்பட்டிருந்தால் இன்றே மாட்டச் செய்யுங்கள்.

அப்படியானால் வளையத்தை எவ்வாறு உடைப்பது? மிக்ஸருக்கு வேண்டிய மின்சாரம் சொற்பமே. அதையும் ஆம்ப்ளிபையருக்குரிய மின் வழியிலிருந்தே எடுத்தால் இரு எர்த்துகளின் வேறுபாடு வெகுவாகக் குறையும். அடுத்தது, மூன்று முனையுள்ள பேலன்ஸ்டு கேபிள். இதில் ஒலி இரு கம்பிகளில் எதிரெதிராகச் செல்கிறது. இடையில் புகும் இரைச்சல் இரண்டிலும் ஒன்றாகவே விழுகிறது. பெறும் கருவி இரண்டின் வித்தியாசத்தை மட்டும் எடுத்துக்கொள்வதால் இரைச்சல் கழிந்துபோகும். அதுவும் போதாவிட்டால் இடையில் ஆடியோ டிரான்ஸ்பார்மர் ஒன்றைச் செருகலாம். ஒலி காந்த வழியே கடக்கும், கம்பி இணைப்பு இராது. டி.ஐ. பெட்டியில் "எர்த் லிப்ட்" என்றொரு சுவிட்சு உண்டு. அது ஒலிக் கவசத்தை மட்டுமே துண்டிப்பது. அதைத் தாராளமாகப் பயன்படுத்தலாம்.

பேலன்ஸ்டு கேபிள் போட்டும் உறுமுகிற கருவிகள் உண்டு. சில தயாரிப்பாளர்கள் முதல் முனையிலுள்ள கவசத்தைப் பெட்டியோடு சேர்க்காமல் உள்ளிருக்கும் மின்சுற்றுப் பலகையோடு சேர்த்துவிட்டதே காரணம் என்பதை நீல் மன்சி என்ற பொறியியலாளர் 1995இல் விளக்கிக் காட்டினார். ஆடியோ பொறியியல் சங்கம் 2005இல் இதற்கென ஏ.இ.எஸ். 48 என்ற தரவிதியையே வெளியிட்டது. ஆகவே எல்லாப் பழியையும் நமது கேபிள்மீது போட வேண்டியதில்லை.

இக்காலத்தில் அடிக்கடி அகப்படும் குற்றவாளி லேப்டாப். படம் காட்ட அதை இணைத்தவுடன் ரீங்காரம் கிளம்பினால், சார்ஜரைச் சுவரிலிருந்து பிடுங்கிப் பாருங்கள். நின்றுவிட்டால் சார்ஜரே காரணம். கூட்டம் முடியும்வரை பேட்டரியில் ஓட்டுவதோ, டி.ஐ. பெட்டி வழியாக இணைப்பதோ போதும். கைப்பேசியை மைக்கருகே வைத்தால் விட்டுவிட்டு இரைந்த காலமும் ஒன்றிருந்தது. அது 2ஜி அலைபரப்பின் வேலை. சிங்கப்பூரில் 2017 ஏப்ரலில் 2ஜி நிறுத்தப்பட்டபின் அத்தொல்லை இங்கே ஓய்ந்துவிட்டது.

விளக்கு மங்கும்போது ரீங்காரம் மாறுகிறதா என்பதையும் கவனியுங்கள். டிம்மர் மின்னலையை இடையிலே வெட்டி வெட்டித் தருவது; பாதி வெளிச்சத்தில் அதன் இரைச்சல் மிகுதி. மைக் கேபிளை மின் கம்பியோடு சேர்த்துக் கட்டுவதை விட்டுவிட வேண்டும். ஓரடியேனும் விலக்கிப் போடுக. கடக்கவே வேண்டுமாயின் குறுக்காகக் கடக்கட்டும்.

நம் மண்டபத்தில் எர்த் கம்பியைத் திரும்ப மாட்டியபின் உறுமலும் திரும்பிவிட்டது. உரிமம் பெற்ற எலெக்ட்ரீஷியனைக் கொண்டு, மேடையோர மின் வழியிலிருந்து மிக்ஸர் மேசைக்கு ஒரு பிளக் இழுத்தோம். ஒலிக் கேபிள் ஒரு சுவரோரம், மின் கம்பி எதிர்ச் சுவரோரம். உறுமல் அடங்கியது. மிஞ்சியிருந்த மெல்லிய ரீங்காரத்தைத் தேட இரண்டு மாலைப்பொழுதுகள் ஆயின. மேடையின் இடப்புற மின்விசிறியின் எலெக்ட்ரானிக் ரெகுலேட்டர் அது. புதிய ரெகுலேட்டர் வரும்வரை, கூட்டம் தொடங்குமுன் அந்த விசிறியை முழு வேகத்தில் வைத்துவிடுகிறோம். மேடையில் தாள்களை வைத்துப் பேசுகிறவர்கள்தாம் கொஞ்சம் பிடித்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.