இரும்புக்கை மாயாவியை வரைந்த கை

மாங்கா படிக்கிறவங்களுக்கு ஒரு நல்ல பழக்கம் உண்டு. கதை பிடிச்சுப் போச்சுன்னா, அடுத்து வரைஞ்சவரைத் தேடிப் போவாங்க. 'ஒன் பீஸ்' 1997ல் தொடங்கியது. அதற்கு முந்தைய வருஷமே எயிச்சிரோ ஓடா 'ரொமான்ஸ் டான்' என்ற சிறுகதையில் லூஃபியை வரைந்து பார்த்துவிட்டார். 'டிராகன் பால்' வருவதற்கு முன்னால் அகிரா தொரியாமா 1983ல் 'டிராகன் பாய்' வரைந்தார். இதெல்லாம் நம்ம ஹாஸ்டல்ல ஃபர்ஸ்ட் இயர் பையனே சொல்லுவான்.

அதே பையன்கிட்ட, "இரும்புக்கை மாயாவியை வரைஞ்சது யாருடா?"ன்னு கேட்டுப் பாருங்க. முழிப்பான்.

இத்தனைக்கும் இது நம்ம பக்கத்து ஊர்ச் சரக்கு. திருவண்ணாமலையில (கிரிவலம் போற ஊர் இல்லைங்க, புரட்டாசி சனிக்கிழமை நாம ஏறுற சீனிவாசப் பெருமாள் மலை) கிளம்பினா ஸ்ரீவில்லிபுத்தூர் வழியா சிவகாசி ரொம்ப தூரம் இல்லை. அந்தச் சிவகாசியில் 1972 ஜனவரியில் முத்து காமிக்ஸ் தொடங்கியபோது, அதன் முதல் இதழே 'இரும்புக்கை மாயாவி'தான். நம்ம அப்பா, சித்தப்பாமார் பலருக்கு அதுதான் முதல் காமிக்ஸ். லோகேஷ் கனகராஜ் அதே பெயரில் படம் எடுக்கணும்னு சொல்லியிருந்தார். ஹீரோ பெயர் அம்பது வருஷம் தாண்டியும் நிக்குது. வரைஞ்சவர் பெயர் மட்டும் யாருக்கும் தெரியலை.

அவர் பெயர் ஹெசூஸ் பிளாஸ்கோ. ஸ்பெயின்காரர். 1919ல் பார்சலோனாவில் பிறந்தவர். ஓடா, தொரியாமா மாதிரியே இவருக்கும் ஆரம்பகாலக் குட்டி வேலைகள் உண்டு. 1935ல், பதினாறு வயசு கூட நிரம்பாத காலத்தில், 'போலிச்சே' என்ற சிறுவர் இதழில் 'கூட்டோ' என்ற சுட்டிப் பையனை வரைய ஆரம்பித்தார். முதலில் அது வெறும் சிரிப்புக்கதை. உருண்டை முகம், எளிமையான கோடு, அவ்வளவுதான்.

அடுத்த வருஷம் ஸ்பெயினில் உள்நாட்டுப் போர் வெடித்தது. பிளாஸ்கோ குடியரசுப் படை பக்கம் நின்று போரிட்டார். அந்தப் பக்கம் தோற்றது. முகாமில் அடைபட்டுக் கிடந்து, பிறகுதான் மறுபடி பென்சிலைத் தொட முடிந்தது. 1941ல் சிறுமிகளுக்கான இதழில் 'அனிட்டா டிமினூட்டா' என்ற தொடர் வந்தது. பிறகு 'சிக்கோஸ்' இதழில் கூட்டோ திரும்பி வந்தான். ஆனால் இப்போது அவன் பழைய கூட்டோ இல்லை. 1945ல் வந்த 'கிழக்கில் ஒரு துயரம்' என்ற கதையில் ஒரு சின்னப் பையன் பெரியவர்களின் ஆபத்தான உலகத்துக்குள் நுழைகிறான். கோட்டில் இருந்த பொம்மைத்தனம் போய், நிழலும் இருட்டும் வந்து உட்கார்ந்துவிட்டது. இரும்புக்கை மாயாவி பக்கங்களில் நாம பார்க்கிற அந்தக் கறுப்பு இங்கேயே பிறந்துவிட்டது என்பது என் எண்ணம்.

சரி, ஸ்பெயின்காரர் வரைந்தது எப்படி இங்கிலாந்து வழியாக நம்மிடம் வந்தது? அந்தக் காலத்தில் லண்டன் பதிப்பகங்கள் ஏஜென்சிகள் மூலமா ஸ்பானிய ஓவியர்களிடம் வேலை வாங்கின. அப்படித்தான் 1962 அக்டோபரில் தொடங்கிய 'வேலியண்ட்' வார இதழில் 'தி ஸ்டீல் கிளா' வந்தது. எழுதியவர் முதலில் கென் பல்மர், பிறகு டாம் டல்லி. வரைந்தவர் பிளாஸ்கோ. அவருடைய சகோதரர்களும் உடனிருந்து உதவினார்கள்.

கதை தெரியாதவர்களுக்கு: லூயிஸ் கிராண்டேல் ஓர் ஆய்வுக்கூட உதவியாளன். விபத்தில் வலது கை போய், இரும்புக் கை பொருத்தப்படுகிறது. அடுத்த விபத்தில் உயர் மின்னழுத்தம் உடம்பில் பாய, ஆள் மறைந்துபோகிறான். இரும்புக் கை மட்டும் தெரிகிறது. (டிரிபிள்-ஈ பசங்க சிரிக்காம படிங்க. கதை முழுக்க அவன் விரலை மின்சாரத்துல விட்டுத்தான் மறைவான். எந்த லேப்லயும் இதை முயற்சி செய்யாதீங்க.) முதல் கதையில் அவன் நல்லவனே இல்லை, கிடைத்த சக்தியில் புத்தி பேதலித்துக் குற்றவாளி ஆகிறான். உளவாளியாக மாறி நியாயத்தின் பக்கம் வருவதெல்லாம் பிறகுதான். எனக்குப் பிடித்தது அந்தக் கெட்ட லூயிஸ்தான்.

இப்போ ஓவியரோட நாற்காலியில உட்கார்ந்து யோசிங்க. உங்க ஹீரோ பக்கத்துக்குப் பக்கம் கண்ணுக்குத் தெரியமாட்டான். முகம் இல்லை, உடம்பு இல்லை. கோபம், பயம், அவசரம் எல்லாத்தையும் ஒரே ஒரு கையை வைத்துக் காட்டணும். பிளாஸ்கோவின் கைவேலை இங்கேதான் தெரியும். கை அந்தரத்தில் தொங்கினாலும் மணிக்கட்டு திரும்பியிருக்கிற கோணத்தைப் பார்த்தாலே முழங்கை எங்கே, தோள் எங்கே, ஆள் குனிந்திருக்கிறானா ஓடுகிறானா என்று நம் மூளை தானாகவே உடம்பை நிரப்பிக்கொள்ளும். கட்டத்தில் இருக்கும் மற்றவர்களின் பார்வையும் அந்தக் கைமேலேயே குத்திட்டு நிற்கும். சுற்றிலும் இருட்டு, நடுவே இரும்பின் பளபளப்பு. கறுப்பு வெள்ளையில் அச்சானதை ஒரு குறை என்று சிலர் சொல்வார்கள். நான் ஒத்துக்க மாட்டேன். கலர் அடிச்சிருந்தா இரும்போட அந்தக் குளிர்ச்சி போயிருக்கும்.

இவ்வளவு வரைந்தவரின் பெயர் ஏன் நம்மிடம் வந்து சேரவில்லை? சிவகாசியைக் குறை சொல்ல முடியாது. லண்டனிலேயே அச்சிடவில்லை! எழுதியவர், வரைந்தவர் பெயர்களைப் போடும் வழக்கமே அந்த வார இதழ்களில் கிடையாது. 1977ல் தொடங்கிய '2000 ஏ.டி.' இதழ்தான் அங்கே அந்த வழக்கத்தை உடைத்தது. வாசகன் மாயாவிக்கு விசிறியாகலாம், வரைந்தவனுக்கு ஆகக்கூடாது. ஆனால் அவன் கூலி உயர்த்திக் கேட்பான், வேறு கம்பெனிக்குப் போவான். பெயரை மறைத்ததில் இந்தக் கணக்கும் இருந்தது. ஜப்பானில் அட்டையிலேயே பெயர் போட்டதால்தான் ஓடாவின் சிறுகதை வரை நாம் தேடிப் போகிறோம். பெயர் தெரியாதவனின் ஆரம்பகால வேலையை யார், எங்கே போய்த் தேடுவது?

'வேலியண்ட்' காப்புரிமை இப்போது ரெபெல்லியன் என்ற ஆங்கிலப் பதிப்பகத்திடம் இருக்கிறது. 2021ல் அவர்கள் 'தி ஸ்டீல் கிளா'வைத் தொகுப்பாகக் கொண்டுவந்தபோது பல்மர், டல்லி, பிளாஸ்கோ மூன்று பெயரும் அதில் இடம்பெற்றன. பிளாஸ்கோ அதைப் பார்க்கவில்லை, 1995லேயே காலமாகிவிட்டார்.

இன்னொரு விஷயம். கடைசிக் காலத்தில் அவர் இத்தாலியின் 'டெக்ஸ்' தொடருக்கும் வரைந்தார். ஆமாம், அதே டெக்ஸ் வில்லர்தான். சிவகாசி லயன் காமிக்ஸில் இன்றைக்கும் வந்துகொண்டிருக்கிற நம்ம டெக்ஸ். அடுத்த தடவை பழைய இதழ் கையில் கிடைத்தால், குதிரையையும் துப்பாக்கியையும் பார்க்கும் முன் கைகளைப் பாருங்க.