மருத்துவமனை நிர்வாகியும் கற்பிக்கும் கருவியும்

(இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி. மாணவர்)

மருத்துவமனை என்றதும் நம் நினைவுக்கு வருபவர்கள் மருத்துவரும் செவிலியருமே. ஆனால் நள்ளிரவில் வேண்டியிருக்கும் ஊசி மருந்து கிடங்கில் இருக்குமா, இராதா என்பதைப் பல வாரங்களுக்கு முன்பே முடிவு செய்துவிடுபவர் நிர்வாகி. அவருக்குப் பயிற்சி எப்படி அளிப்பது? முன்னாள் மருத்துவர், கணக்குப் பிரிவிலிருந்து உயர்ந்தவர், செவிலியர் கண்காணிப்பாளர் என மூவரையும் ஒரே அறையில் அமர்த்தி ஒரே பாடத்தை நடத்தினால் மூவருக்கும் பொருந்துமா?

ஆளுக்கேற்ற பாடம் என்னும் எண்ணம் புதியதன்று. ஹார்வர்டு பேராசிரியர் பி. எஃப். ஸ்கின்னர் 1958 இல் 'சயின்ஸ்' இதழில் கற்பிக்கும் கருவியைப் பற்றி எழுதினார். பாடம் சிறு சிறு படிகளாக வரும். விடையை உடனே சரிபார்த்துக்கொண்டு அவரவர் வேகத்தில் முன்னேறலாம். வேகம் வேறுபடுமேயன்றிப் பாதை ஒன்றே. நார்மன் கிரவுடர் என்ற அமெரிக்கரோ, தவறான விடையைத் தேர்ந்தவரை அந்தத் தவறுக்கென்றே எழுதிய பக்கத்துக்கு அனுப்பினார். 1960 இல் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் 'பிளேட்டோ' என்னும் கணிப்பொறிக் கல்வி தொடங்கியது. அந்தப் பத்தாண்டிலேயே மேரியான் பிட்சர் அதில் செவிலிய மாணவியர்க்கு ஒரு கற்பனை இதய நோயாளியை அமைத்துக் கொடுத்தார். நோயாளியைப் பற்றி வேண்டிய விவரங்களை மாணவியே கேட்டுப் பெறவேண்டும்!

இனி நம் கிடங்குக்கு வருவோம். மருந்துகளைச் செலவின்படி ஏ, பி, சி என்றும், உயிர்காப்பது, இன்றியமையாதது, இருந்தால் நல்லது என்றும் இருவகையில் பகுப்பர். அட்ரீனலின் ஊசி விலை குறைந்தது. ஆகவே செலவுக் கணக்கில் 'சி'. ஆனால் உயிர்காக்கும் வரிசையில் அதற்கே முதலிடம். "இதன் இருப்பை எப்போது பார்ப்பீர்கள்?" என்ற வினாவுக்கு இருவர் "ஆறு மாதத்துக்கு ஒருமுறை" என்கின்றனர் என வைத்துக்கொள்வோம். கணக்கர் அப்படிச் சொல்வது, சிறு தொகைதானே என்பதால். மருத்துவருக்கு அதன் அருமை தெரியும்; கேட்டவுடன் மருந்து வந்துவிடும் என்ற நினைப்பே அவரைத் தவறச் செய்கிறது. விடை ஒன்று, காரணம் இரண்டு. கருவி "தவறு" என்று மட்டும் கூறி இருவருக்கும் ஒரே பாடத்தைக் காட்டினால் ஒருவர்க்கேனும் அது வீண். "ஏன் அப்படிச் சொன்னீர்கள்?" என்று அது மறுபடியும் கேட்க வேண்டும். வீட்டில் ஐயம் கேட்க ஆளில்லாத என் போன்றோர்க்கு, விடைத்தாளில் வெறும் சிவப்புக் கோடு எவ்வளவு குறைவாகச் சொல்லித்தரும் என்பது தெரியும்.

நம் நாட்டிலும் 2020 செப்டம்பரில் மத்திய அமைச்சரவை 'மிஷன் கர்மயோகி' திட்டத்துக்கு ஒப்புதல் அளித்தது. அதன் இணையத் தளத்தில் அரசு ஊழியர் தம் பொறுப்புக்கேற்ற பாடங்களைப் பயிலலாம். நல்ல ஏற்பாடே. ஆனால் எத்தனை மணி நேரம் பார்த்தார் என்பதற்கு வழங்கும் சான்றிதழைக் கொண்டு கிடங்கின் நிலையை அறிய முடியாது. பயிற்சிக்குப் பின் உயிர்காக்கும் மருந்து எத்தனை நாள் தீர்ந்திருந்தது என்று இருப்புப் பதிவேட்டைப் பார்த்தே அதை அளக்க வேண்டும். அந்த இரண்டாம் வினாவை எழுதும்போது கணிப்பொறி வல்லுநரின் பக்கத்தில், கிடங்கில் பல்லாண்டு பணிபுரிந்த மருந்தாளுநர் ஒருவரும் அமர வேண்டும். யார் எதனால் தவறுவார் என்பது அவருக்கே தெரியும்.