மாடிப்படி விளக்கும் டைமரும்

மாடி வீடுகளில் நாள்தோறும் பார்த்தும் பாராமல் போகும் விந்தை ஒன்று உண்டு. படியின் கீழே ஒரு சுவிட்சு, மேலே ஒரு சுவிட்சு, இரண்டுக்கும் பொதுவாக ஒரே விளக்கு. கீழே போட்டதை மேலே அணைக்கலாம். மேலே போட்டதைக் கீழே அணைக்கலாம். இது எப்படி நடக்கிறது என்று நான் சிந்தித்தது பாட்டி விழுந்த பிறகுதான்.

எங்கள் பாட்டி விடியற்காலை 5 மணிக்குப் பால் வாங்க மாடியிலிருந்து இறங்குவார். ஒரு மழைக்கால விடியலில், எங்கள் தூக்கம் கலையக் கூடாதென்று விளக்கைப் போடாமலே இறங்கினார். தரை வந்துவிட்டது என்று எண்ணிக் காலை வைத்தார். இன்னும் ஒரு படி இருந்தது. மணிக்கட்டு முறிந்து, ஆறு வாரம் மாவுக்கட்டு.

அப்பா ஒரு டைமர் வாங்கி வந்தார். மாலை 6 முதல் 9 வரையும், விடியற்காலை 4½ முதல் 6 வரையும் விளக்கு தானாக எரிய வேண்டும் என்பது திட்டம். வேலைக்கு வந்தவர் அதை மாட்டிவிட்டுப் போனார். அன்றிரவு 10 மணிக்குத் தம்பி தண்ணீர் குடிக்க இறங்கியபோது, எந்தச் சுவிட்சைத் தட்டியும் விளக்கு எரியவில்லை! டைமர் பழுதா? இல்லை. தவறு அதை வைத்த இடத்தில் இருந்தது.

இருவழிச் சுவிட்சு

முதலில் பழைய சுற்றைப் பார்ப்போம். நோட்டில் வரைந்துகொண்டே படித்தால் எளிதில் விளங்கும். வீட்டு மின்சாரம் 230 வோல்ட் அழுத்தத்தில் பேஸ், நியூட்ரல் என்னும் இரு கம்பிகளில் வருகிறது. நியூட்ரல் நேரே விளக்குக்குப் போகும். பேஸ் சுவிட்சுகளின் வழியாகப் போகும்.

சாதாரணச் சுவிட்சுக்கு இரண்டு முனைகள். இருவழிச் சுவிட்சுக்கு மூன்று. அவற்றில் ஒன்று பொது முனை. அது மற்ற இரண்டில் ஏதேனும் ஒன்றை எப்போதும் தொட்டுக்கொண்டிருக்கும். கீழ்ச் சுவிட்சின் பொது முனையில் பேஸ் சேருகிறது. மேல் சுவிட்சின் பொது முனையிலிருந்து விளக்குக்குக் கம்பி போகிறது. மிஞ்சிய முனைகளை 'அ', 'ஆ' என்னும் இரு கம்பிகள் இணைக்கின்றன.

இரு சுவிட்சுகளும் 'அ'வில் இருந்தால் விளக்கு எரியும். இரண்டும் 'ஆ'வில் இருந்தாலும் எரியும். ஒன்று 'அ'விலும் மற்றது 'ஆ'விலும் இருந்தால் எரியாது. ஆகவே எந்த நேரத்திலும், எந்தச் சுவிட்சை மாற்றினாலும், விளக்கின் நிலை மாறும்.

டைமர் எங்கே?

டைமர் என்பது கடிகாரம் ஓட்டும் சுவிட்சு. அதை மூன்று இடங்களில் வைக்கலாம்.

1. பேஸ் கம்பியில், சுவிட்சுகளுக்கு முன்னால், தொடராக வைப்பது. டைமரும் இசைய வேண்டும், சுவிட்சுகளும் இசைய வேண்டும்; அப்போதுதான் விளக்கு எரியும். டைமரின் நேரம் முடிந்தால் சுவிட்சுகள் வெறும் அலங்காரமே. எங்கள் வீட்டில் நடந்தது இதுதான்.

2. ஒரு சுவிட்சை எடுத்துவிட்டு அதனிடத்தில் மூன்று முனை டைமரை வைப்பது. பார்வைக்கு நல்ல யோசனைதான். ஆனால் மற்றச் சுவிட்சை யாராவது மாற்றிவிட்டால், மாலையில் எரிய வேண்டிய விளக்கு அணையும். அணைய வேண்டிய நேரத்தில் எரியும்!

3. சுவிட்சுகளுக்குப் பக்க இணைப்பாக வைப்பது. பேஸிலிருந்து டைமருக்கு ஒரு கம்பி; டைமரிலிருந்து நேரே விளக்குக்கு ஒரு கம்பி. டைமர் அல்லது சுவிட்சுகள், ஏதேனும் ஒன்று இசைந்தால் போதும். குறித்த நேரத்தில் விளக்கை யாரும் அணைக்க முடியாது; மற்ற நேரங்களில் சுவிட்சுகள் முன்போல் வேலை செய்யும். எங்களுக்கு வேண்டியது இதுவே.

'இதுவும் அதுவும்', 'இது அல்லது அது' என்னும் இச்சொற்களைக் கணக்காக்கியவர் ஜார்ஜ் பூல். அவருடைய புகழ்பெற்ற நூல் 1854-இல் வெளிவந்தது. அக்கணக்கைக் கொண்டே சுவிட்சுச் சுற்றுகளை வடிவமைக்கலாம் என்று 1937-இல் தம் ஆய்வேட்டில் காட்டியவர் அமெரிக்க மாணவர் கிளாட் ஷானன். இன்றைய கணிப்பொறிகளின் அடிப்படை இதுவே. நம் மாடிப்படியிலும் அதே பாடம்தான் இருக்கிறது!

எச்சரிக்கை

தோழியரே, வரைவது நம் வேலை. கம்பியைத் தொடுவது உரிமம் பெற்ற மின்பணியாளரின் வேலை. விளக்கு அணைந்திருந்தால் மின்சாரம் இல்லை என்று எண்ணாதீர்கள். மேலே கண்ட சுற்றில் 'அ', 'ஆ' கம்பிகளில் ஒன்றிலாவது பேஸ் எப்போதும் இருக்கும். மெயினை அணைத்து, டெஸ்டரால் சோதித்த பிறகே பெட்டியைத் திறக்க வேண்டும்.

டைமருக்கும் சுவிட்சுகளுக்கும் ஒரே ஃபியூஸிலிருந்து பேஸ் வர வேண்டும். வெவ்வேறு ஃபியூஸிலிருந்து வந்தால், ஒன்றைப் பிடுங்கிய பின்னும் மற்றதன் வழியே மின்சாரம் வந்து ஆளைத் தாக்கக்கூடும். மூன்று பேஸ் உள்ள வீட்டில் இரு வேறு பேஸ்கள் இப்படிச் சந்தித்தால் பெரும் மின்குறுக்கு நேரும். டைமரின் கடிகாரம் ஓட நியூட்ரலும் தேவை. பல வீடுகளில் சுவிட்சுப் பெட்டிக்குள் நியூட்ரல் இராது. ஆகவே எங்கள் வீட்டில் டைமரை மெயின் பலகைக்கு அருகில் வைத்து, விளக்குக்குப் புதிதாகக் கம்பி இழுத்தார்கள்.

இன்னொன்று: மோட்டாரால் ஓடும் டைமர் மின்வெட்டின்போது நின்றுவிடும். ஒரு மணி நேரம் மின்சாரம் போனால் அதுவும் ஒரு மணி நேரம் பின்தங்கும். திருத்தி வைக்க வேண்டும். மின்கலம் உள்ள டைமருக்கு இக்குறை இல்லை. எங்கள் வீட்டில் திருத்தும் பொறுப்பு என்னுடையது.

"இப்போதெல்லாம் இந்த விளக்கு எனக்கு முன்னே எழுந்துவிடுகிறது" என்கிறார் பாட்டி. உங்கள் வீட்டில் விடியலில் முதலில் எழுபவர் யார்? அவர் இறங்கும் படியில் வெளிச்சம் இருக்கிறதா என்று இன்றே பாருங்கள்.